வானம் பார்த்த வரலாறு – 9: பஞ்சம் கட்டிய சூரியக் கூடம்

1871 நவம்பர் கடைசியில் 'மிர்சாப்பூர்' என்ற நீராவிக்கப்பல் காலித் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. சுயஸ் கால்வாய் திறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து இன்று நாம் பார்க்கும் துறைமுகம் அப்போது இல்லை. கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நட்டதே 1875இல்தான். அதுவரை ஐரோப்பாவிலிருந்து வந்த பெரிய கப்பல்களுக்குக் காலியே வாசல்.

கப்பலில் வந்தவர்களுக்குத் தலைவர் நோர்மன் லொக்கியர். வயது 35. பிழைப்புக்கு இலண்டன் போர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. நாட்டம் முழுவதும் சூரியன்மேல். இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான் 'நேச்சர்' இதழைத் தொடங்கியிருந்தார். 1868 ஓகஸ்ட் 18 கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென் பார்த்ததையும், கிரகணம் இல்லாத நாளிலேயே சூரிய விளிம்பின் தீச்சுவாலைகளை நிறமாலைகாட்டியால் பார்க்கலாம் என்று அவரும் லொக்கியரும் தனித்தனியே கண்டறிந்ததையும் சென்ற வாரம் சொன்னேன். ஈலியம் என்ற மூலகம் பூமியில் கிடைப்பதற்கு 27 ஆண்டுகள் முன்பே சூரியனின் மஞ்சள் கோட்டில் தலைகாட்டிய கதையும் அங்கேதான் வந்தது. அந்த லொக்கியர்தான் இப்போது மரப்பெட்டிகளில் அரியங்களும் கமராக்களும் இரசாயனக் குப்பிகளுமாக நம் கரையில் இறங்கினார்.

டிசெம்பர் 12ஆம் திகதி காலை நிகழவிருந்த முழுச் சூரிய கிரகணத்துக்காகத்தான் அத்தனை ஏற்பாடும். நிலவின் நிழல் மலபார்க் கரையில் ஏறி, நீலகிரியைக் கடந்து, அவிநாசி, புதுக்கோட்டைப் பக்கமாகக் கிழக்கே வந்து, பாக்கு நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணம், திருகோணமலை வழியாகக் கடலில் இறங்கும் என்று கணித்திருந்தார்கள். தமிழ் பேசும் மண்ணின் மேல் கோடு கிழித்தாற்போல் ஒரு பாதை. கார்த்திகை மழைக்காலம் என்பதால் எந்த ஊரில் வானம் திறக்கும், எந்த ஊரில் மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே குழு பிரிந்தது. லொக்கியர் மலபாரின் பேக்கல் கோட்டைக்குப் போனார். உரோமாபுரியிலிருந்து வந்திருந்த லொரென்சோ ரெஸ்பிகி, தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டைக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் இலங்கையின் நில அளவையாளர் நாயகம் பயர்ஸ், கப்பற்படைத் தளபதி டப்மன், படம் எடுப்பதற்கெனத் தளபதி ஹொக் ஆகியோர் கருவிகளை நிறுத்தினார்கள். திருகோணமலைக்குப் போனவர் மோஸ்லி என்ற இளம் இயற்கையியலாளர். மறு ஆண்டே 'சலேஞ்சர்' கப்பலில் ஏறி உலகக் கடல்களை ஆராயப் போய்ப் பெயர் பெற்றவர் அவர். இவர்களோடு சேராமல், சென்னை வானாய்வுக் கூடத்து பொக்சன் அவிநாசியிலும், ஜான்சென் நீலகிரியின் சோலூரிலும், கேணல் டெனன்ட் தொட்டபெட்டாவிலும் காத்திருந்தார்கள்.

முழு இருள் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீடித்தது. அந்த இரண்டு நிமிடங்களில் இரண்டு பெரிய கேள்விகளுக்கு விடை வந்தது. முதலாவது விடையில் யாழ்ப்பாணத்துக்கு நேரடிப் பங்கு உண்டு.

கிரகணத்தின் உச்சத்தில் நிலவின் கரிய வட்டத்தைச் சுற்றி முத்து வெண்மையில் ஒரு ஒளிமுடி விரியும். கொரோனா என்று சொல்வார்கள். அது சூரியனுடையதா, அல்லது நம் வளிமண்டலத்தில் ஒளி சிதறுவதால் வரும் தோற்றமா என்ற சண்டை அதுவரை ஓயவில்லை. காற்றில் தோன்றும் மாயம் என்றால் ஊருக்கு ஊர் அது வேறாகத் தெரியவேண்டும். பேக்கலில் லொக்கியரின் குழுவைச் சேர்ந்த டேவிஸ் எடுத்த படங்கள், தொட்டபெட்டாவில் டெனன்டின் குழு எடுத்தவை, யாழ்ப்பாணத்தில் ஹொக் எடுத்தவை எல்லாவற்றையும் பின்னர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பேக்கலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 600 கிலோமீற்றர். ஒன்று கடலோரம், ஒன்று 2,600 மீற்றர் உயர மலை, ஒன்று மழைக்காலத்துக் குடாநாடு. மூன்று வானத்திலும் ஒளிமுடியின் வடிவம் ஒத்துப்போனது. அதே கதிர்கள், அதே பிளவுகள். ஒளிமுடி சூரியனுடையதே என்று அதோடு நிலைநாட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தின் அறிவியல் வரலாறு என்று பேசும்போது அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீனின் மருத்துவ நூல்களோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்தக் கண்ணாடித் தகடுகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டியவை.

இரண்டாவது விடை புதுக்கோட்டையிலும் பேக்கலிலும் கிடைத்தது. இந்த அத்தியாயத்தின் மையம் அதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சூரிய ஒளி எல்லா நிறங்களும் கலந்தது. அரியத்தின் வழியே விட்டால் சிவப்பிலிருந்து ஊதா வரை பட்டையாகப் பிரியும். வழக்கமான நிறமாலைகாட்டியில் ஒளி முதலில் ஒரு மெல்லிய பிளவுக்குள் நுழைய வேண்டும். ஐதரசன் சிவப்பிலும் நீலத்திலும் ஒளிர்கிறது என்றால், அந்தப் பிளவின் உருவம் சிவப்பில் ஒரு கோடாகவும் நீலத்தில் ஒரு கோடாகவும் விழும். நிறமாலையில் நாம் பார்க்கும் கோடுகள் உண்மையில் அந்தப் பிளவின் படங்கள்தான். லொக்கியரும் ரெஸ்பிகியும் இந்த முறை அந்தப் பிளவையே கழற்றிவிட்டார்கள். முழுக் கிரகணத்தில் சூரியனின் கண் கூசும் வட்டம் மறைந்திருக்கும். எஞ்சுவது நிலவைச் சுற்றிய மெல்லிய ஒளி வளையம். அந்த வளையமே பிளவின் வேலையைச் செய்யும். அதனால் கோட்டுக்குப் பதிலாக முழு வளையங்களே நிறம் நிறமாகத் தெரியவேண்டும்.

தெரிந்தன. புதுக்கோட்டையில் ரெஸ்பிகி பார்த்தது மூன்று வளையங்கள்: ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், நடுவில் ஒரு பச்சை. பேக்கலில் லொக்கியர் நான்கு கண்டார். சிவப்பும் நீலமும் ஐதரசனுக்குரியவை. பச்சை வளையம்தான் ரெஸ்பிகிக்கு மிகத் தெளிவாகவும் சீராகவும் தோன்றியது. வெவ்வேறு அலைநீளங்களில் சூரியனின் வெவ்வேறு முகங்கள், ஒரே பார்வையில், ஒரே கணத்தில் தெரிந்த காட்சி அது. இன்றைக்கு விண்கலங்கள் நாள் முழுதும் செய்யும் வேலை, தொண்டைமான் சீமையில் ஒரு கார்த்திகைக் காலையில் இரண்டு நிமிடத்தில் நடந்தது.

அந்தப் பச்சை எந்த மூலகத்தினுடையது? அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1869 கிரகணத்தில், யங், ஹார்க்னஸ் என்ற அமெரிக்கர் இருவர் அந்தக் கோட்டைக் கண்டிருந்தார்கள். பூமியில் அறியப்பட்ட எதனோடும் அது பொருந்தவில்லை. ஈலியம் போல இதுவும் புது மூலகம்தான் என்று எண்ணி 'கொரோனியம்' என்று பெயரும் வைத்தார்கள். எழுபது ஆண்டுகள் புதிர் நீடித்தது. ஜேர்மனியில் குரோட்ரியனும் சுவீடனில் எட்லெனும் 1939க்கும் 1941க்கும் இடையில் விடை சொன்னார்கள்: அது நம் இரும்புதான். 26 இலத்திரன்களில் 13ஐ இழந்த இரும்பு. அத்தனை இலத்திரன்களைப் பிய்த்தெறிய மில்லியன் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சூரியனின் ஒளிரும் மேற்பரப்போ ஏறக்குறைய 5,500 பாகை செல்சியஸ்தான். அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையவேண்டும். சூரியனில் விலகப் போனால் நூற்றுக்கணக்கான மடங்கு ஏறுகிறது. ஏன் என்பதற்கு முழு விடை இன்றும் இல்லை. புதுக்கோட்டையில் ரெஸ்பிகியின் கண்ணில் விழுந்தது மில்லியன் பாகையில் தகிக்கும் இரும்பின் ஒளி என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே 1889இல் மறைந்தார்.

வெள்ளவத்தைக் கடற்கரையில், இரயில் பாதையைத் தாண்டிப் பாறைகளில் உட்கார்ந்து மாலைச் சூரியனைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். ஆறு மணிக்குச் சூரியன் சிவப்பாகத்தானே தெரிகிறது, அதுவும் ஒரு நிறத்தில் பார்ப்பதுதானே என்று. சாய்வாக வரும் ஒளி தடித்த காற்றைக் கடக்கும்போது நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது. மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. ஆனால் அந்தச் சிவப்பு மிக அகன்ற பட்டை. அதில் எல்லா ஆழத்து ஒளியும் கலந்தே வரும். வட்டமான தட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஐதரசனின் 656.3 நனோமீற்றர், கல்சியத்தின் 393.4 நனோமீற்றர் என்று ஒரு மெல்லிய கோட்டை மட்டும், ஒரு நனோமீற்றரின் சிறு பின்னமளவுக்குக் குறுக்கிப் பிடித்தால்தான் சூரியனின் ஒரு குறிப்பிட்ட உயரத்தின் காட்சி தனியே பிரிந்து வரும். அதைக் கிரகணத்துக்குக் காத்திராமல் அன்றாடம் செய்வது எப்படி? அந்த வேலைக்கென்று ஒரு கூடம் தென்னிந்தியாவில் எழுந்தது. அது எழுந்ததற்கான காரணங்களில் ஒன்று இலங்கையில் நடந்த ஒரு பேச்சு.

கிரகணப் பயணத்தின்போது லொக்கியர் இங்கே ஒரு செய்தியைக் கேள்விப்பட்டார். பருவமழை ஏறியும் இறங்கியும் ஒரு சுற்றாக வருகிறது, அது 13 ஆண்டு அளவிலானது என்று இலங்கையில் எல்லோரும் சொல்கிறார்கள். லொக்கியருக்கு உடனே பொறி தட்டியது. சூரியப்புள்ளிகள் கூடிக் குறைவதற்கு ஒரு சுற்று உண்டென்று ஜேர்மானியர் சுவாபே 1843இலேயே சொல்லிவிட்டார். அது ஏறத்தாழ 11 ஆண்டு என்று பின்னர் கணித்திருந்தார்கள். நீங்கள் சொல்லும் 13, உண்மையில் 11 ஆக இருக்காதா என்று அவர் திருப்பிக் கேட்டார். கொழும்பிலிருந்து வெளிவந்த 'சிலோன் ஒப்சேர்வர்' பத்திரிகையின் ஆசிரியர் பேர்குசனின் கருத்தும் இந்த விசாரணையில் சேர்ந்துகொண்டது. ஊருக்குப் போனபின், 1872இல், வருங்கால வானிலையியல் சூரியனைப் படிப்பதில்தான் தொடங்க வேண்டும் என்று 'நேச்சர்' இதழில் லொக்கியர் எழுதினார்.

நான்கே ஆண்டுகளில் அந்தக் கட்டுரைக்குப் பயங்கரமான பொருள் வந்தது. 1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் சொன்ன பஞ்சம். பிரித்தானிய இந்தியாவில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சேலம், திருச்சி, மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டார்கள். கரையிலிருந்து மன்னாருக்குத் தோணி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைப் புதைத்த இடங்களுக்கு அடையாளம்கூட இல்லை. மலையகத்துக் குடும்பங்களிலும், பின்னாளில் துறைமுக வேலைக்கும் கடை வேலைக்கும் இறங்கிக் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வேரூன்றிய குடும்பங்களிலும் எத்தனையோ பேருக்கு இந்தப் பஞ்சம்தான் வம்சக் கதையின் முதல் பக்கம்.

1877இல் லொக்கியரும், இந்திய அரசின் புள்ளிவிபர அதிகாரி ஹண்டரும் சேர்ந்து சூரியப்புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சென்னை மழை அளவுகளை வைத்துக்கொண்டு, புள்ளிகள் மிகக் குறைந்த ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று வாதிட்டார்கள். 1878இல் புள்ளிகள் உண்மையிலேயே மிகக் குறைந்திருந்தன. கேட்டவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. சூரியனைத் தினமும் படம் எடுத்து வைத்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற எண்ணம் அரசாங்கத்துக்கு வந்தது.

இங்கே என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். லொக்கியரின் ஆவல் நேர்மையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மழை பொய்த்த அதே மாதங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த கூலிகளுக்கு நாளுக்கு ஒரு இறாத்தல் தானியம் என்று படியைக் குறைத்தவர் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். வறட்சிக்கு வானம் காரணமாக இருக்கலாம். சாவுகளுக்குக் காரணம் நிலத்தில்தான் இருந்தது. பழியைச் சூரியன்மேல் போடுவது ஆட்சியாளர்களுக்கு வசதியாகவும் இருந்தது. சூரியக் கூடத்தின் கதையைப் பெருமையோடு சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது.

கூடம் வரச் சுணங்கியது. சென்னை நுங்கம்பாக்கத்தில் பழைய வானாய்வுக் கூடம் இருந்தாலும், கடலோர ஈரக்காற்று சூரியனின் நுணுக்கத்தைக் காட்டாது. மிச்சி ஸ்மித் என்ற பேராசிரியர் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் தேடி அலைந்தார். கெல்வின் பிரபு தலைமையிலான குழு கோடைக்கானலைத் தேர்ந்தது. 1895இல் சென்னை ஆளுநர் வென்லொக் அடிக்கல் நாட்டினார். 1899இல் கூடம் பணி தொடங்கியது. ஏரிக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 2,343 மீற்றர் உயரத்தில், அது இன்றும் இயங்குகிறது.

அங்கே 1904இல் வந்துசேர்ந்த கருவியின் வேலையை நெருங்கிப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் கம்பனியொன்று செய்தது. வெளியே ஆடிகள் சூரியனைத் துரத்திப் பிடித்து அதன் உருவத்தை அறைக்குள் ஒரு வட்டமாக விழுத்தும். அந்த வட்டத்தின் மேல் மெல்லிய நெடும்பிளவு. பிளவின் வழியே சூரியனின் ஒரு கீற்று மட்டும் உள்ளே நுழைந்து, அரியங்களில் பிரிந்து, நிறமாலையாக விரியும். அந்த நிறமாலையின் ஊதாக் கோடியில், கல்சியத்தின் 393.4 நனோமீற்றர் விழும் சரியான இடத்தில், இரண்டாவது பிளவு. அதற்குப் பின்னால் கண்ணாடித் தகடு. இனி சூரிய உருவத்தின் குறுக்கே முதற் பிளவு மெதுவாக நகர, அதே வேகத்தில் தகட்டின் மேல் கீற்றுக்குப் பக்கத்தில் கீற்றாகப் படம் சேரும். முடிவில் முழுச் சூரியன், கல்சிய ஒளியில் மட்டும் வரையப்பட்டது, தகட்டில் நிற்கும். கோவில் வீதியில் நாதஸ்வரமும் தவிலும் தாளமும் முழங்கும்போது தவிலை மட்டும் தனியே கேட்கும் காது நமக்கு இருந்தால் எப்படியோ, அப்படி. இந்த உத்தியை 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹேலும் பிரான்சில் தெலாந்திரும் உருவாக்கினார்கள். கோடைக்கானல் அதை விடாமல் தொடர்ந்து செய்தது.

ஒரே நாளில் எடுத்த மூன்று தகடுகளை அருகருகே வைத்தால் விளங்கும். வெள்ளொளிப் படத்தில் வழுவழுப்பான வட்டமும் இரண்டு மூன்று கரும்புள்ளிகளும்தான். கல்சியப் படத்தில் அதே புள்ளிகளைச் சுற்றி வெண்திட்டுகள் படர்ந்து, சூரியன் முழுக்க வலைப்பின்னல் போர்த்திருக்கும். காந்தப்புலம் தடித்த இடங்கள் அவை. ஐதரசனின் சிவப்பு ஒளியில், 1912 முதல் எடுத்த படங்களில், வட்டத்தின் குறுக்கே கரிய நூல்கள் நெளியும். அதே நூல் சூரிய விளிம்புக்கு வந்தால் வானத்தில் எழும் தீச்சுவாலையாகத் தெரியும். கரிய நூலும் ஒளிரும் சுவாலையும் ஒன்றே. பார்க்கும் கோணமும் பின்புலமும்தான் வேறு.

1907இல் கோடைக்கானலுக்கு வந்த ஜோன் எவர்ஷெட், 1909 சனவரியில் ஒரு புள்ளியைச் சுற்றிய மங்கல் வளையத்தை நிறமாலையில் ஆராய்ந்தபோது கோடுகள் சற்று இடம்பெயர்ந்திருந்தன. ஒளி அலை விலகும் அளவை வைத்து வாயு ஓடும் வேகத்தைக் கணிக்கலாம். புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, செக்கனுக்கு இரண்டு கிலோமீற்றர் அளவு வேகத்தில் வாயு ஓடிக்கொண்டிருந்தது. எவர்ஷெட் விளைவு என்று உலகின் பாடநூல்கள் எல்லாம் இதைச் சொல்கின்றன. அவருடைய மனைவி மேரியும் தேர்ந்த வானியலாளர். சுவாலைகளைப் பற்றி எழுதினார், தாந்தேயின் வானியலைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பாடநூல்களில் இடம்பெறாதவர்கள் சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் போன்ற உதவியாளர்கள். மூடுபனி விலகும் காலைப் பொழுதில் தகட்டை மாட்டிச் சூரியனைப் பிடித்து, கழுவி, உலர்த்தி, எண்ணிட்டு அடுக்கிய வேலை இத்தகையவர்களுடையது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்தத் தகட்டுத் தொகுப்பை உலகின் எந்த சூரிய ஆய்வாளரும் இன்று புறக்கணிக்க முடியாது. சூரியனின் பல 11 ஆண்டுச் சுற்றுகள் ஒரே கூடத்தில், ஒரே ஒளியில் பதிவானதால் வந்த மதிப்பு அது.

மழை? கோடைக்கானலையும் மேற்பார்த்த இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வோக்கர், புள்ளிகளையும் மழையையும் கணக்குப் போட்டுச் சோதித்தார். முன்னறிவிப்புக்கு உதவும் அளவு தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் அதே தேடலில், பசிபிக் கடலுக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே காற்றழுத்தம் ஊஞ்சலாடுவதை 1920களில் கண்டார். பசிபிக் கடல் வெப்பமேறும் எல் நினோ நிகழ்வின் ஒரு பாதி அது. 1877இல் பசிபிக்கில் மிகக் கடுமையான எல் நினோ நிலவியது என்று இன்று அறிகிறோம். பஞ்சத்தின் வறட்சிக்கு விடை கடலில் இருந்தது. சூரியனில் தேடியவர்கள் அதைக் காணவில்லை, சூரியனைக் கண்டார்கள்.

ஊதா நிறத்துக்கு அப்பால் சூரியனைப் பார்க்க வளிமண்டலம் விடாது. கழியூதாவின் பெரும்பகுதியையும் எக்ஸ் கதிரையும் அது மறித்துவிடும். அமெரிக்கர்கள் கைப்பற்றிய ஜேர்மன் வி-2 ரொக்கட்டில் 1946இல் கருவியை ஏற்றிய பின்னரே கழியூதாச் சூரியன் தெரிந்தது. 2010 பெப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் இப்போது பத்து அலைநீளங்களில் படம் எடுத்துத் தள்ளுகிறது. 30.4 நனோமீற்றரில் 50,000 பாகைப் படலம், 17.1இல் ஆறு இலட்சம் பாகைக் காந்த வளைவுகள், 13.1இல் பத்து மில்லியன் பாகை வெடிப்பு. பொன்னிறம், செந்நிறம், நீலப்பச்சை என்று நாம் பார்ப்பது கண்டுகொள்வதற்காகப் பூசிய நிறங்கள்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு கருவி உண்டு. மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிலையம் 'கலிஸ்டோ' என்ற ரேடியோ நிறமாலைகாட்டியை இயக்கியிருக்கிறது. சுவிற்சர்லாந்தில் வடிவமைத்த சிறு பெறுவானி. உலகெங்கும் இத்தகைய நிலையங்கள் வலையாக இணைந்து சூரிய வெடிப்பின் ரேடியோ இரைச்சலைப் பதிகின்றன. மேகத்துக்கும் மழைக்கும் ரேடியோ அலை அஞ்சுவதில்லை. கொழும்புக் காலநிலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் ஆதித்யா-எல்1 புறப்பட்டது. திட்ட இயக்குநர் நிகார் சாஜி, செங்கோட்டைக்காரர். அதன் 'சூட்' கருவி கழியூதாவில் முழுச் சூரியனைப் படம் எடுக்கிறது. 'வெல்க்' கருவி சூரிய வட்டத்தை மறைத்து, தானே கிரகணம் உண்டாக்கி, ஒளிமுடியைப் பார்க்கிறது. இதை உருவாக்கியது இந்திய வானியற்பியல் நிறுவனம். கோடைக்கானல் கூடம் இன்று இருப்பது அந்த நிறுவனத்தின் கீழ்தான். வெல்க் தேர்ந்தெடுத்த நிறமாலைக் கோடுகளில் ஒன்று 530.3 நனோமீற்றர்: ரெஸ்பிகியின் பச்சை.

அடுத்த வாரம் 1955க்கு வருகிறோம். அந்த ஆண்டு ஜூன் 20ஆம் திகதி காலை இலங்கையின் மேல் முழுக் கிரகண நிழல் சென்றது. உலகின் பல நாட்டுக் குழுக்கள் பொலன்னறுவைப் பக்கம் ஹிங்குராக்கொடையில் முகாமிட்டன. இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சூரிய கிரகணம் அது. அந்தக் காலையில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சிறு பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அன்று என்ன பார்த்தார், வீட்டில் என்ன சொன்னார்கள், பாத்திரத்தில் மஞ்சள் நீர் வைத்தார்களா, கதவைச் சாத்தினார்களா என்று இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். விஞ்ஞானிகளின் அறிக்கைகள் நூலகங்களில் இருக்கின்றன. வீடுகளில் நடந்ததற்கு அந்த மூத்தவர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

(தொடரும்)